முதுகெலும்பு வளைவு அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். முதுகு வளைவுக்கு அறுவை சிகிச்சை என்று தேதி குறித்துவிட்டு வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டி வரும் அம்மாமாரும் பாட்டிமாரும் கேட்பது பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். இங்கே சொல்வது காரணம் தெரியாமல் பதின்ம வயதில் வரும் ஸ்கோலியோசிஸ் பற்றி. பிறவியிலேயே எலும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும், தசை நரம்பு நோய் உள்ளவர்களுக்கும் சில பதில்கள் மாறும்.

ஸ்கூல் பேக் தூக்கித் தூக்கி வந்ததா? இல்லை, சின்னதிலே ஒரே இடுப்பிலே வச்சு நடந்ததாலயா?

இரண்டும் இல்லை. கனமான பை முதுகுவலி தரும். ஆனால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் வளைத்து, கூடவே முறுக்கிவிடாது. கூன் போட்டு உட்கார்ந்ததும், கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதும், கிரகணமும் காரணம் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது தெரியும். அதனால் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் ஒருமுறை குனிய வைத்து, முதுகின் ஒரு பக்கம் மேலே தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

மாமியார் மருமகளைக் குற்றம் சொல்வதற்கு இந்த நோயை எடுத்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. அங்கே இந்தப் பதிலை உரக்க வாசித்துக் காட்டலாம்.

ரிப்போர்ட்டிலே 52 டிகிரின்னு போட்டிருக்கு. அது கூடுதலா குறைவா?

வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் இரண்டு எலும்புகளை எக்ஸ்ரேயில் பிடித்துக் கோடு போட்டு, இடையில் உள்ள கோணத்தை அளப்பார்கள். காப் கோணம் என்று அதற்குப் பெயர். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 வரை பிரேஸ் (உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டியான பெல்ட்), 45 அல்லது 50-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. பொதுவான வழக்கு இதுதான். நெஞ்சுப் பகுதி வளைவு 50-ஐத் தாண்டிவிட்டால், வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகக்கூடும். 'இப்போது வலி இல்லையே, பிறகு பார்க்கலாம்' என்பதை டாக்டர்கள் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். போன முறை 48, இந்த முறை 51 என்றால் பதறிப்போக வேண்டாம். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாமல் ஒரே கவரில் வைத்திருங்கள், டாக்டர் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

பெல்ட் போட்டும் எக்ஸர்சைஸ் பண்ணியும் சரியாக்க முடியாதா?

பிரேஸ், வளைவு கூடாமல் பிடித்து நிறுத்துவதற்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 48 சதவீதம். ஆனால் அது வளர்ந்துகொண்டிருக்கும், வளைவு இன்னும் சிறிதாக உள்ள பிள்ளைகளுக்கு. வளர்ச்சி முடிந்து 50-ஐத் தாண்டிய முதுகைப் பிரேஸ் நேராக்காது. உடற்பயிற்சி சொல்லித் தருவது என் தொழில், நானே சொல்கிறேன்: அந்த அளவு வளைவை உடற்பயிற்சியும் நேராக்காது. அறுவை சிகிச்சைக்கு முன் உடம்பைத் திடப்படுத்த உதவும். அதைக் கீழே சொல்கிறேன்.

எங்க ஊரிலே நல்ல வர்ம ஆசான் உண்டு. ஒரு தடவை காட்டிப் பார்த்தா என்ன?

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. சுளுக்கு, அடி, தசைப்பிடிப்பு என்று ஆசான்களிடம் போய்ச் சுகமானவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. முறுக்கிக்கொண்ட எலும்புத் தொடர் வேறு விஷயம். தடவி, இழுத்து, மிதித்து அதை நேராக்க முடியாது. அறுவைக்குத் தேதி குறித்த பிறகு முதுகைச் சொடுக்குவதும் மிதிப்பதும் கண்டிப்பாக வேண்டாம். அறுவை முடிந்த பிறகும் அப்படித்தான்.

எண்ணெய், கஷாயம், லேகியம் ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் பொருட்கள் சிலவற்றில் உண்டு. திட்டுவாரோ என்று ஒளிப்பவர்கள்தான் அதிகம். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

ஆப்பரேஷன்னா முதுகிலே என்னதான் செய்வாங்க? எங்க சித்திக்கு அந்தக் காலத்திலே மாசக்கணக்கா மாவுக்கட்டு போட்டுக் கிடத்தினாங்களே?

குப்புறப் படுக்க வைத்து, முதுகின் நடுவில் நீளமாகக் கீறி, வளைவில் உள்ள எலும்புகளில் திருகாணிகளை இறக்கி, இரண்டு பக்கமும் உலோகக் கம்பி கோத்து வளைவைத் திருத்துவார்கள். பிறகு அந்த எலும்புகளின் மேல் எலும்புத் துண்டுகளைப் பரப்புவார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே எலும்பாகிவிடும். முதுகைக் காலத்துக்கும் தாங்கப்போவது இந்தச் சேர்க்கைதான். கம்பி, அதுவரை பிடித்துக்கொள்ள. நேரம் பெரும்பாலும் 4 முதல் 8 மணி வரை ஆகும். வெளியே காத்திருப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் 1962-இல் தன் கம்பி முறையை வெளியிட்டார். அதில் கம்பி மேலும் கீழும் கொக்கியில் மட்டும் பிடித்திருக்கும். அதனால்தான் சித்திக்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. இப்போது ஒவ்வொரு எலும்பிலும் திருகாணி பிடிப்பதால் பெரும்பாலோருக்கு மாவுக்கட்டும் இல்லை, பிரேஸும் இல்லை. ஓரிரு நாளில் எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள்.

கால் விளங்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு.

எல்லோர் மனதிலும் உள்ள பயம் இது, பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்த வகை வளைவுக்குச் செய்யும் அறுவையில் நரம்புப் பாதிப்பு வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதிலும் பலருக்கு முழுவதுமாகவோ ஓரளவோ சரியாகிவிடும். ஆனால் பூச்சியம் இல்லை. பூச்சியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அறுவை நடக்கும்போதே தலையிலும் கை கால்களிலும் மின்முனைகள் ஒட்டி, நரம்பு வழியே செய்தி போகிறதா என்று ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். மாறுதல் தெரிந்தால் அந்த நொடியே சர்ஜனிடம் சொல்வார். 'நரம்புக் கண்காணிப்பு உண்டா?' என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கிருமித்தொற்று, ரத்த இழப்பு, எலும்பு சேராமல் போவது, திருகாணி தளர்வது ஆகியவற்றுக்கும் என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தாளில் எழுதிக்கொண்டு போவது மரியாதைக்குறைவு இல்லை.

எங்கே போய்ச் செய்யணும்? ஆசாரிபள்ளத்திலேயே முடியாதா?

நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எலும்புப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டி எக்ஸ்ரே எடுத்து, எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்பது நல்ல தொடக்கம். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் திருவனந்தபுரம், மதுரை, கோயம்புத்தூர், வேலூர், சென்னை என்று போனவர்கள். ஊர்ப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த சர்ஜன் பிள்ளைகளின் வளைவு அறுவையை அடிக்கடி செய்கிறவரா, குழந்தைகளுக்கு ஐ.சி.யு. உண்டா என்று பாருங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக ரயில் ஏறுவது சிரமம். காயத்தை முதல்முறை பிரித்துப் பார்க்கும்வரை அந்த ஊரிலேயே சில நாள் தங்க இடம் பார்த்து வையுங்கள். சென்னை என்றால் ஓர் இரவு முழுக்க ரயில், கீழ்ப் படுக்கை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. அது போதுமா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கையில் அட்டை இருப்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. நீங்கள் போகும் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்க வேண்டும், இந்த அறுவைக்கு அங்கே அனுமதி இருக்க வேண்டும், முன் அனுமதி அறுவைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் இதைத் தேதி வாங்குவதற்கு முன்பே உறுதி செய்யுங்கள், அது வேறு மாநிலம்.

திருகாணி, கம்பி விலை காப்பீடு தரும் தொகைக்குள் சேருமா, தனியா என்பதை எழுத்தில் கேளுங்கள். செலவில் பெரும் பங்கு அதுதான். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை வருது. முடிச்சிட்டுச் செய்யலாமா?

பெரும்பாலும் செய்யலாம், சர்ஜன் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ செய்தால் பள்ளி திறப்பதை ஒட்டி ஓரளவு நடமாட்டம் வந்திருக்கும். எல்லோரும் அப்படியே நினைப்பதால் கோடை விடுமுறைத் தேதிகள் முன்பே நிரம்பிவிடும். பொங்கலுக்கு முன்பே பேசி வையுங்கள். ஜூனில் நமக்குத் தென்மேற்கு மழை தொடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். முற்றத்தில் பாசி பிடித்தால் வழுக்கும்.

பரீட்சைக்கு முன்பே செய்ய வேண்டி வந்தால், கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று தேர்வுத் துறையிடம் என்ன சலுகை கேட்கலாம் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். துணைத் தேர்வும் இருக்கிறது. ஒரு வருடம் பெரிதில்லை, ஆனால் அதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ரத்தம் குடுக்க நானும் அவ அண்ணனும் ரெடி. போதும்தானே?

அண்ணனுக்கு 18 முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5-ஆவது இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அப்பா அம்மா உடன்பிறந்தவர் ரத்தத்தை நேரடியாக ஏற்றுவதை மருத்துவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். நெருங்கிய ரத்த உறவில், அரிதாக என்றாலும், ஏற்றிய ரத்தத்தின் வெள்ளணுக்கள் பிள்ளையின் உடம்பையே தாக்கும் ஆபத்து உண்டு. நீங்கள் ரத்த வங்கிக்குக் கொடுங்கள், பிள்ளைக்கு வேறு ஒருவருடையது வரும். அறுவையில் சிந்தும் ரத்தத்தைச் சுத்தம் செய்து அவர்களுக்கே திருப்பி ஏற்றும் கருவியும் சில இடங்களில் உண்டு.

இதில் பிள்ளை செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் பலருக்கு ரத்தசோகை இருக்கும். இரண்டு மாதம் முன்பே ரத்தம் பார்த்து, டாக்டர் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தொடங்கினால் ரத்தம் ஏற்றும் தேவையே குறையலாம். மீன், ஈரல், முருங்கைக்கீரை, கூட ஒரு நெல்லிக்காய். சோறு தின்ற கையோடு சாயா குடிக்கும் நம் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சாயா இரும்புச் சத்தைச் சேரவிடாது.

இன்னும் ஒரு மாசம் இருக்கு. பிள்ளை இப்ப என்ன செய்யணும்?

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே போனதும் எண்ணி மூன்று நொடி நிறுத்தப் பாருங்கள். வளைவு பெரிதாக இருந்தால் நெஞ்சு ஒடுங்கியிருக்கும். மயக்க மருந்துக்குப் பிறகு சளி கட்டாமல் இருக்க இந்தப் பயிற்சிதான் காப்பு. தினமும் நடையும் வேண்டும்.

படுக்கையில் திரும்பப் பழகுவது அடுத்தது. முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், பனந்தடி உருள்வது போல மொத்தமாகப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். வலி இல்லாத இப்போதே பத்து நாள் இப்படி எழுந்து பழகிய பிள்ளைக்கும், அறுவைக்கு மறுநாள் முதல்முறையாகக் கற்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பாருங்கள். முதுகில் பரு, சிரங்கு, புண் இருந்தால் காட்டுங்கள். கிருமி முதுகுக்குள் போக இவை வழி, சிலருக்கு இதனாலேயே தேதி தள்ளிப்போகும். காய்ச்சல், சளி வந்தாலும் சொல்லிவிடுங்கள். புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று கேட்டு வையுங்கள்.

வீட்டிலே என்ன மாத்தணும்?

முதலில் கழிப்பறை. குத்த வைத்து உட்காருவது பல வாரங்களுக்கு முடியாது. வெஸ்டர்ன் கமோடு இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள், வாடகைக்கும் கிடைக்கும். கட்டில் உயரம், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படும் அளவில் வேண்டும். தரையில் பாய், தொய்ந்த மெத்தை இரண்டும் ஆகாது. தண்ணீர், போன், மாத்திரை எல்லாம் இடுப்பு உயரத்தில் கைக்கு எட்டும்படி. கிணற்றில் தண்ணீர் கோருவது, குடம் தூக்குவது இனி நெடுநாள் வேறொருவர் வேலை.

விருந்தாளி விஷயமும் வீட்டு ஏற்பாடுதான். நம் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாகத் தெருவே வந்து நிற்கும், செபக் குழு வரும், வந்தவர்கள் தையலைக் காட்டச் சொல்வார்கள். யாரைப் பார்க்க இஷ்டம் என்று பிள்ளையிடம் கேட்டு, மற்றவர்களை வாசலிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரிக்கு என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?

முன்பக்கம் பட்டன் உள்ள தளர்ந்த சட்டை, குனியாமல் மாட்டும் வழுக்காத செருப்பு, வளையும் ஸ்ட்ரா, நீளமான சார்ஜர் ஒயர், உதட்டுக்குத் தடவ வாசலின். நீள முடி உள்ளவர்கள் இரண்டு பின்னலாக, பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னிவிட்டுப் போங்கள். குப்புறவும் மல்லாக்கவும் படுப்பதற்கு நடுப்பின்னல் உறுத்தும், சிக்கு எடுக்கவும் முடியாது. நகப்பூச்சை அழித்துவிடுங்கள். மூக்குத்தி, கம்மல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். நெடுநாள் போட்ட மூக்குத்தி அவ்வளவு லேசில் வராது.

அன்னைக்கு மாதவிலக்கு வந்தா?

பெரும்பாலும் தேதி மாறாது. நர்சிடம் சொன்னால் போதும், அவர்களுக்கு இது தினசரி விஷயம். பதற்றத்தில் முன்கூட்டியே வருவதும் உண்டு, அதனால் நாப்கின் எடுத்துப் போங்கள்.

முந்தின ராத்திரி கஞ்சி மட்டும் குடிக்கலாமா?

இரவு குடிக்கலாம். மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாடு நின்றுவிட வேண்டும் என்பது பொது விதி. கஞ்சி, பால், பால் சாயா எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பெரும்பாலும் விடுவார்கள். உங்கள் மயக்க மருத்துவர் சொல்லும் நேரமே முடிவு. 'பிள்ளை வாடிப் போகுதே' என்று பாட்டி ரகசியமாக மட்டிப்பழம் கொடுத்துவிடக் கூடாது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

முழிச்சதும் ரொம்ப நோவுமா? (பிள்ளைகள் கேட்பது)

நோவும். முதல் இரண்டு மூன்று நாள்தான் கூடுதல். அதற்காக ரத்தக்குழாய் வழியே வலி மருந்து போய்க்கொண்டிருக்கும், சில இடங்களில் நீயே அமுக்கிக்கொள்ளும் பொத்தானும் தருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதே, பத்துக்கு எவ்வளவு என்று எண்ணாகச் சொல். வலி அடங்கினால்தான் இருமவும் நடக்கவும் முடியும்.

கண்ணும் முகமும் வீங்கியிருக்கும், மணிக்கணக்கில் குப்புறக் கிடந்ததால், இரண்டொரு நாளில் வடியும். மூத்திரக் குழாய், முதுகில் ஒரு குழாய், கையில் ஊசி என்று ஒயர்கள் நடுவே கிடப்பாய். 'கால் விரலை ஆட்டு' என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள், எரிச்சல்படாதே, மேலே சொன்ன நரம்புக் கண்காணிப்பின் மிச்சம்தான் அது. வாந்தி வரலாம். வலி மருந்தால் மலச்சிக்கல் நிச்சயம், தண்ணீரும் பழமும் மலமிளக்கியும் வேண்டும். ஒரு இஞ்சோ இரண்டு இஞ்சோ உயரம் கூடியிருக்கும், பழைய சுடிதார் குட்டையாகத் தெரியும்.

திருவனந்தபுரத்திலிருந்து கார்லே கூட்டிட்டு வரலாமா?

ஐந்து முதல் ஏழு நாளில் டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் அனுமதித்தால் வரலாம். நாகர்கோவிலுக்கு எழுபது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலில் நேரம் இழுக்கும். கிளம்புவதற்கு முன் வலி மாத்திரை, முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து இடுப்புக்கு ஒரு தலையணை, வழியில் இறங்கிக் கொஞ்சம் நடை. ஆட்டோவும் பைக்கும் வேண்டாம்.

எப்ப ஸ்கூலுக்குப் போகலாம்? எப்ப திற்பரப்புக்குப் போகலாம்?

பள்ளிக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில், முதலில் அரை நாளாக. புத்தகம் ஒரு செட் வீட்டில், ஒரு செட் வகுப்பில் என்று வைத்தால் பை தூக்கும் பிரச்சினை தீரும். டவுன் பஸ்ஸில் தொங்குவது, பி.டி. வகுப்பு எல்லாம் பிறகு. ஓட்டம், கபடி, கால்பந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து, எலும்பு சேர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு. திற்பரப்பு அருவியில் தண்ணீர் முதுகில் அறைவதும் அந்தக் கணக்கில் சேரும்.

நாளைக்குக் கல்யாணம், பிரசவம்னு வந்தா?

கர்ப்பத்துக்கும் சுகப்பிரசவத்துக்கும் இந்த அறுவை தடை இல்லை. பிரசவ நேரத்தில் முதுகில் போடும் மயக்க ஊசி, கம்பி இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கடினமாகலாம். அதனால் அறுவைக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் பத்திரமாக வைத்துக் காட்ட வேண்டும். கம்பியைப் பொதுவாக எடுப்பதில்லை. டைட்டானியம் என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடை இல்லை.

கல்யாணச் சந்தையைப் பற்றி எனக்குக் கோபம்தான் வரும். பிரிட்டன் அரச குடும்பத்து யூஜெனிக்குப் பன்னிரண்டு வயதில் இதே அறுவை நடந்தது. 2018-இல் அவர் தன் கல்யாணத்துக்கு முதுகுத் தழும்பு தெரியும்படியே கவுன் தைத்துப் போட்டுக்கொண்டார். நம் பிள்ளைகள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்தால் நல்லது.

அவ மாட்டேன்னு அழுதா. பதினாறு வயசாக்கும். நாங்க கையெழுத்துப் போட்டாப் போதாதா?

சட்டப்படி 18-க்குக் கீழே பெற்றோர் கையெழுத்துத்தான். ஆனால் அறுவைக்கு மறுநாள் எழுந்து நிற்க வேண்டியது அவள். மூச்சுப் பயிற்சியும் நடையும் அவள் செய்ய வேண்டியது. இழுத்துக்கொண்டு போன பிள்ளை அதைச் செய்வதில்லை.

'மாட்டேன்' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒருத்திக்குத் தழும்பு, ஒருத்திக்கு நடனம் நின்றுபோகும் என்ற பயம், ஒருத்திக்கு நடுவில் மயக்கம் தெளிந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் குசுகுசுவென்று பேசிவிட்டு அவள் வந்ததும் நிறுத்தினால், உள்ளதைவிட மோசமாகத்தான் கற்பனை செய்துகொள்வாள். சர்ஜனைப் பார்க்கும்போது பத்து நிமிடம் அவள் தனியாகப் பேச விடுங்கள், எத்தனை எலும்பைச் சேர்ப்பார்கள், அதற்குப் பிறகு எவ்வளவு குனிய முடியும் என்று அவளே கேட்கட்டும். முன்பே அறுவை செய்த ஒரு பெண் யாராவது இருந்தால் பேச வையுங்கள். இது நெஞ்சுவலி போல இன்றே செய்ய வேண்டிய அறுவை இல்லை. அவள் சம்மதிக்க இன்னும் சில வாரம் வேண்டும் என்றால், தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.